சிக்கிமுக்கி ஆற்றின் வரிமீன்

அட்லாண்டாவுக்குக் குடிவந்த புதிதில், ஊரிலிருந்து யாராவது வந்தால் அழைத்துவர விமான நிலையத்துக்குப் போவேன். அப்புறம் ஆபீஸ் வேலையாக மாதம் இரண்டு தடவை அங்கிருந்தே கிளம்ப வேண்டியதாயிற்று. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து அந்த ஓடுபாதைகளை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அவற்றுக்கு அடியில் குழாய்களுக்குள் ஓர் ஆறு ஓடுகிறது என்பது மட்டும் பல வருஷம் எனக்குத் தெரியாது.

அது ஃபிளின்ட் ஆறு. விமான நிலையத்துக்கு வடக்கே ஈஸ்ட் பாயின்ட், காலேஜ் பார்க் பக்கத்துத் தெருக்களின் ஓரமாக ஊற்றெடுத்து, சாக்கடை மாதிரி ஒரு வாய்க்காலில் நடந்து, ஓடுபாதைகளுக்குக் கீழே புகுந்து, தெற்கே வெளியே வருகிறது. ஒரு சனிக்கிழமை அதைத் தேடிக்கொண்டு போனேன். கார் வாடகைக்கு விடும் இடங்களைத் தாண்டி, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், தாண்டிக் குதித்துவிடலாம் போன்ற அகலத்தில் தண்ணீர். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள் ஒரு வேரில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே நிமிஷத்துக்கு ஒரு விமானம். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதே தண்ணீர்தான் தெற்கே 550 கிலோமீட்டர் போய், சாட்டஹூச்சி ஆற்றோடு செமினோல் ஏரியில் கலந்து, அபலாச்சிக்கோலா என்று பெயர் மாறி, மெக்சிகோ வளைகுடாவில் சேர்கிறது. அந்த ஓடையைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த மண்ணில் முன்பு வாழ்ந்த மஸ்கோகி மக்கள் இதைத் த்ரோனடீஸ்கா என்றார்கள். தீ மூட்டுவதற்கும் அம்பு முனைக்கும் கல் பொறுக்கும் இடம் என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள். ஃபிளின்ட் என்ற ஆங்கிலப் பெயரும் அந்தக் கல்லைத்தான் குறிக்கிறது. நம்மிடம் அதற்கு அருமையான சொல் இருக்கிறது: சிக்கிமுக்கிக்கல். 1821-ல் ஓர் உடன்படிக்கையில் அந்த மக்கள் இந்த ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலத்தை இழந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மேற்கே இருந்ததும் போயிற்று. பெயர் மட்டும் மொழிபெயர்க்கப்பட்டுத் தங்கிவிட்டது. என் மனதுக்குள் நான் அதைச் சிக்கிமுக்கி ஆறு என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆற்றை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு மீன். மீனைக் காட்டிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அட்லாண்டாவுக்குத் தெற்கே தாமஸ்டன் பக்கம் பிறந்து வளர்ந்தவர். எங்கள் வீட்டில் வஞ்சிரம் வறுத்த ஒரு நாள், வாசனை பிடித்து வேலிப் பக்கம் வந்து நின்றார். ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன். மீன் பேச்சு வளர்ந்தது. "நீ கடல் மீன்காரன். உனக்கு ஓர் ஆற்று மீனைக் காட்டுகிறேன். ஆனால் அதைத் தின்ன முடியாது, பார்க்கத்தான் முடியும்" என்றார். லைசென்ஸ் எடுக்கச் சொன்னார். மறு வாரம் விடியும் முன்பே கிளம்பினோம்.

ஸ்ப்ரூவெல் பிளஃப் என்ற இடம். பைன் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு ஆறு வெளியே வரும் வளைவு அது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, இன்னொரு பக்கம் சரளைக் கரை. நடுவே ஆற்றின் அகலம் முழுக்கப் பாறைகள். தண்ணீர் ஒரே தாரையாகப் போகாமல் நூறு கிளையாகப் பிரிந்து, விழுந்து, சுழன்று, நுரைத்து, மறுபடி சேர்ந்து ஓடுகிறது. இங்கே இதை ஷோல் என்கிறார்கள். ஆழமான இடத்துக்கு மடு, கசம் என்று நமக்குச் சொல் இருக்கிறது; செங்குத்தாக விழுவதற்கு அருவி இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட இந்தப் பாறைப் பரப்புக்கு ஒற்றைச் சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை. ஷோல் என்றே எழுதுகிறேன்.

முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது பெரியவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வேகமான தண்ணீரைப் பார்க்காதே. வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமைதியைப் பார்." ஒரு பெரிய பாறையின் பின்புறம், நுரை சுழலும் இடத்தின் ஓரத்தில் தூண்டிலைப் போட்டேன். மூன்றாவது முறை இழுத்தது. ஏரி மீன் இழுப்பது போல அது கீழ்நோக்கி இழுக்கவில்லை. நேராக ஓட்டத்துக்குள் பாய்ந்து, ஆற்றின் முழு வேகத்தையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு இழுத்தது. கை நரம்பு வரை அந்த அதிர்வு ஏறியது.

ஒன்றரை சாண் நீளம். தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பார்த்தேன். பாசி பிடித்த வெண்கலத்தின் நிறம். முதுகிலிருந்து வயிறு நோக்கிக் கரும்பச்சைப் பட்டைகள் இறங்கின, புலிக்கு இருப்பது போல. ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே மங்கலாக இன்னொன்று. செவுள் மூடியில் ஒரு கறுப்புத் திட்டு. கண் மட்டும் சிவப்பு, குன்றிமணிச் சிவப்பு. உள்ளங்கையில் அதன் வயிறு குளிர்ந்து கிடந்தது. செவுள் திறந்து மூடுவதை ஐந்தாறு முறை எண்ணியிருப்பேன். தூண்டில் முள்ளைக் கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்தேன். ஒரே உதறல், பாறை நிழலுக்குள் போய்விட்டது. அது போன பிறகும் குனிந்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.

ஷோல் பாஸ். கடையில் சீ பாஸ் என்று விற்கிற நம் கொடுவாவுக்கும் இதற்கும் உறவில்லை. இது வட அமெரிக்க நன்னீரை மட்டுமே பூர்வீகமாகக் கொண்ட சன்ஃபிஷ் குடும்பம். அந்தக் குடும்பத்தில் மைக்ராப்டெரஸ் என்ற பேரினம். அதற்குச் 'சிறு துடுப்பு' என்று பொருள். பேரினத்துக்குப் பெயர் வைத்த பிரெஞ்சு அறிஞர் லாசெபீடின் கைக்கு 1802-ல் வந்த மீனுக்கு முதுகுத் துடுப்பு கிழிந்திருந்ததாம். பிய்ந்து நின்ற துண்டைத் தனிச் சிறு துடுப்பு என்று நினைத்துவிட்டார், அந்தப் பெயர் இன்றுவரை நிற்கிறது.

ஷோல் பாஸுக்கு முறையான அறிவியல் பெயர் கிடைத்தது 1999-ல்தான். ஜேம்ஸ் வில்லியம்ஸ், ஜார்ஜ் பர்கெஸ் என்ற இருவர் அதை மைக்ராப்டெரஸ் கேட்டராக்டே என்று பதிவு செய்தார்கள். கேட்டராக்டே என்றால் அருவிக்குரியது. இந்த பர்கெஸ்தான் உலகம் முழுவதும் சுறா தாக்குதல்களைக் கணக்கெடுக்கும் பதிவேட்டைப் பல ஆண்டுகள் நடத்தியவர். அதுவரைக்கும் இது இன்னொரு மீனான ரெட்ஐ பாஸின் ஒரு வகை என்றே எண்ணப்பட்டது. ஆற்றங்கரைக்காரர்களுக்கோ பெயர் ஒரு சிக்கலாகவே இல்லை. ஃபிளின்ட் ஆற்று ஸ்மால்மவுத் என்று பெரியவரின் அப்பா காலத்திலேயே சொல்லிப் பிடித்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டு முடியப்போகும் நேரத்தில், பெரும் பல்கலைக்கழகங்கள் சுற்றிலும் இருக்கும் ஒரு நாட்டில், இரண்டு சாணுக்கும் மேல் வளர்கிற ஒரு மீனுக்குப் பெயர் இல்லாமலே இருந்திருக்கிறது. இது என்னை இன்னும் உறுத்துகிறது. பெயரே இல்லாத ஒன்று குறைந்துகொண்டே வந்தால் அந்தக் கணக்கை யார் வைப்பார்கள்?

இயற்கையாக இது வாழ்வது ஒரே ஒரு ஆற்றுத் தொகுதியில்: சாட்டஹூச்சி, ஃபிளின்ட், அவை சேரும் அபலாச்சிக்கோலா, இவற்றின் துணையாறுகள். அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா, பக்கத்து அலபாமா, ஃபுளோரிடா என்று மூன்று மாநிலங்களின் பங்கு. அந்த ஆறுகளிலும் எல்லா இடத்திலும் கிடையாது. பாறையும் ஓட்டமும் இருக்கும் இடத்தில்தான். பாறை இடுக்கில் க்ராஃபிஷ் இருக்கும். கொடுக்கு வைத்த நன்னீர் இறால் அது. இந்த மீனுக்கு அதுதான் சோறு. முட்டையிடச் சரளை வேண்டும், அதன் மேல் சேறு படியாமல் கழுவிக்கொண்டே இருக்கத் தண்ணீர் ஓட வேண்டும். வசந்த காலத்தில் பெரிய ஷோல்களைத் தேடி வெகுதூரம் நீந்தி வந்து கூடுகின்றன.

இதன் உறவான லார்ஜ்மவுத் பாஸ் ஏரி, குளம், குட்டை எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும். ஷோல் பாஸுக்கு அது முடியாது. ஆற்றைத் தடுத்து ஏரியாக்கினால் கொஞ்ச வருஷத்தில் அங்கே அது இருக்காது. எங்கே பாறை மேல் ஆறு வேகமாக இறங்குகிறதோ அதுதான் இந்த மீனின் வீடு. எங்கே பாறை மேல் ஆறு வேகமாக இறங்குகிறதோ அதுதான் அணை கட்டத் தோதான இடமும். அடித்தளத்துக்குப் பாறை இருக்கிறது, சக்கரம் சுற்ற இறக்கம் இருக்கிறது. இருநூறு வருஷமாக இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் தேடியிருக்கிறார்கள்.

சாட்டஹூச்சியில் என்ன நடந்தது என்று பார்த்தால் இது புரியும். மேட்டு நிலம் முடிந்து கடற்கரைச் சமவெளி தொடங்கும் கோட்டில் ஆறு தடதடவென்று இறங்குகிறது. அங்கேதான் கொலம்பஸ் நகரம், அங்கேதான் பஞ்சாலைகள், ஆலைகளுக்காக அணைகள். ஆற்றின் நீளத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட அணைகள் இன்று உண்டு. எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரும் அவற்றில் ஒன்றான பியூஃபோர்டு அணைக்குப் பின்னால் நிற்கும் லேனியர் ஏரியிலிருந்து வருவதுதான், அதை மறைக்க மாட்டேன். 1950-களில் கட்டியது. ஏரியின் அடியாழத்திலிருந்து திறந்துவிடும் தண்ணீர் ஆகஸ்ட் மாதத்திலும் பல் கிட்டும் குளிர். அந்தக் குளிரில் ட்ரவுட் மீனை வளர்க்கிறார்கள், அதைப் பிடிக்கத் தூண்டில்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் மீனான ஷோல் பாஸுக்கு அந்தப் பகுதி வீடாக இல்லாமல் போய்விட்டது. பாறை அப்படியே இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது, குளிர் மட்டும்தான் புதிது. அது ஒன்றே போதுமாக இருந்தது.

கொலம்பஸில் 2012-ல் ஈகிள் அண்ட் ஃபீனிக்ஸ் ஆலை அணையை உடைத்தார்கள், மறு வருஷம் சிட்டி மில்ஸ் அணையை. நூறு வருஷத்துக்கும் மேலாக மூழ்கிக் கிடந்த பாறைகள் வெளியே வந்தன. ரப்பர் படகு விடும் வியாபாரமும் அதற்கு ஒரு காரணம்தான். சரி, இருக்கட்டும். பாறைக்கு மறுபடி காற்றும் ஓட்டமும் கிடைத்ததா இல்லையா?

ஃபிளின்டுக்கும் அதே கதை எழுதப்பட்டிருந்தது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை ஆற்றின் நடுப்பகுதிக்கு மூன்று அணைகள் திட்டமிட்டிருந்தது. முதலாவது ஸ்ப்ரூவெல் பிளஃபில், நான் அந்த மீனைக் கையில் வைத்திருந்த அதே வளைவில். அப்போது ஜார்ஜியாவின் கவர்னர் ஜிம்மி கார்ட்டர். திட்டத்துக்கு ஆதரவு பலமாக இருந்தது: மின்சாரம், வெள்ளத் தடுப்பு, ஏரிக்கரை வீட்டுமனை. கார்ட்டர் கப்பற்படையில் பொறியியல் படித்தவர், அதனால் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடவில்லை. அறிக்கையைத் தானே உட்கார்ந்து படித்தார். படகெடுத்து ஆற்றில் போய்ப் பார்த்தார். நன்மைகள் ஊதிப் பெருக்கப்பட்டிருக்கின்றன, செலவு குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறது என்ற முடிவுக்கு வந்து 1973-ல் திட்டத்தை நிராகரித்தார். ஜனாதிபதியான பிறகு 1977-ல் நாடு முழுக்கப் பல அணைத் திட்டங்களை எதிர்த்து அரசியலில் பெரும் விலை கொடுத்தார். அதற்கான விதை இந்த ஆற்றங்கரையில் விழுந்தது என்றே நினைக்கிறேன்.

அதனால்தான் ஃபிளின்ட் இன்றைக்கும் தொடக்கத்திலிருந்து 200 மைலுக்கு மேல் அணை எதுவும் இல்லாமல் ஓடுகிறது. முதல் தடை 1930-ல் கட்டிய கிரிஸ்ப் கவுண்டி அணை, அது வெகு தெற்கே. இந்த நாட்டில் இப்படித் தடையில்லாமல் ஓடும் ஆறுகள் அபூர்வம். 2024 டிசம்பரில் கார்ட்டர் நூறு வயதில் இறந்தபோது தொலைக்காட்சியில் எதையெதையோ காட்டினார்கள். நான் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினார்: அரைக்கால் சட்டையோடு ஒரு பையன், கையில் வரிமீன், பின்னால் அதே செங்குத்துப் பாறை. "அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த இடத்துக்கு மேல் இப்போது ஆழத் தண்ணீர் நின்றிருக்கும்" என்றார்.

அணை வரவில்லை, சரி. தண்ணீர்?

2016-ல் கோடை முடிந்தும் மழை வரவில்லை. இலையுதிர்காலம் முழுக்க ஜார்ஜியா காய்ந்தது. அக்டோபரில் ஒரு நாள் போனபோது ஷோலைப் பார்த்து இருவரும் பேசவில்லை. நூறு கிளையாக ஓடிய தண்ணீர் நான்கைந்து கோடாகச் சுருங்கியிருந்தது. பாறைகள் எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தன. காய்ந்த பாசி கால்பட்டு அப்பளமாக நொறுங்கியது. இரண்டு பாறைகளுக்கு நடுவே அண்டா அகலத்தில் ஒரு குழி. அதில் விரல் நீளக் குஞ்சுகள் ஏழெட்டு, ஒரே பக்கம் தலையை வைத்துத் துடுப்பை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தன. வெளியே போக வழி இல்லை. அவை ஷோல் பாஸா வேறு மீனா என்றுகூட நான் பார்க்கவில்லை. தொப்பியில் அள்ளி அள்ளி ஓடும் தண்ணீரில் விட்டோம்.

வறட்சி மட்டும் காரணமில்லை. மேல் ஆற்றில் அட்லாண்டாவின் தெற்குப் புறநகர்கள் குடிநீருக்கு எடுக்கின்றன. கூரையும் தாரும் சிமென்ட்டும் மூடிய நிலத்தில் மழை உள்ளே இறங்காமல் ஒரே வெள்ளமாக ஓடிவிடுகிறது, அப்புறம் கோடையில் ஊற்றுக்கு எதுவும் மிச்சமில்லை. கீழ் ஆற்றில் விவசாயம்: வேர்க்கடலை, பருத்தி, சோளம். வட்டமாகச் சுற்றும் பெரிய நீர்ப்பாசனக் கருவிகள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. அங்கே சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கும் நிலத்தடி நீரும் ஆறும் ஒன்றோடொன்று கலந்தவை. ஒன்றில் எடுத்தால் மற்றதில் குறையும். 2000-ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டு, 2001-லும் 2002-லும் பாசனத்தை நிறுத்திக்கொள்ள விவசாயிகளுக்குப் பணமே கொடுத்துப் பார்த்தது. 2012-ல் கீழ் ஃபிளின்டில் புதிய பாசன அனுமதிகளை நிறுத்தி வைத்தது. 2013-ல் நாட்டிலேயே மிகவும் ஆபத்தில் இருக்கும் ஆறுகளின் பட்டியலில் அமெரிக்கன் ரிவர்ஸ் அமைப்பு ஃபிளின்டை இரண்டாவதாக வைத்தது. அதே வருஷம் ஃபுளோரிடா, தண்ணீர் போதவில்லை என்று ஜார்ஜியா மேல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கடலோரச் சிப்பி வளம் அழிந்ததுதான் அதன் மையப் புகார். 2021-ல் ஜார்ஜியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. காவிரி வழக்கைச் செய்தித்தாளில் படித்து வளர்ந்த எனக்கு இந்த வாதங்கள் எதுவும் புதிதாக இல்லை. இந்த வரிமீனின் பெயரை அந்த வாதங்களில் யாரும் முன்வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இன்னொன்று இருக்கிறது. வேறு ஆற்றுப் படுகைகளைச் சேர்ந்த ஸ்பாட்டட் பாஸை மனிதர்கள் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நெருங்கிய உறவு என்பதால் அது ஷோல் பாஸோடு கூடுகிறது, பிறக்கும் குஞ்சும் வளமாக இருக்கிறது, அதுவும் கூடுகிறது. மீன் குறையவில்லை, தூண்டிலில் மீன் வருகிறது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அது வேறு மீனாகிவிடுகிறது. ஒரு முறை எனக்குக் கிடைத்ததில் பட்டை இருந்தது, ஆனால் கீழ்ப்பாதியில் வரிசையாகப் புள்ளிகளும் இருந்தன. நாக்கைத் தடவிப் பார்த்தேன். ஷோல் பாஸின் நாக்கு வழவழப்பாக இருக்கும். ஸ்பாட்டட் பாஸுக்கு நடுவில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. விரலில் சொரசொரப்பு பட்டது.

மற்ற இரண்டு மாநிலங்களில் நிலைமை இன்னும் மோசம். அலபாமாவில் லிட்டில் யூச்சி போன்ற சில சிற்றோடைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2006 முதல் அங்கே இதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை. ஃபுளோரிடாவில் சிப்போலா என்ற ஒரே ஆற்றில்தான் இது பெருகி வாழ்கிறது. 2018 அக்டோபரில் மைக்கேல் புயல் நேராக அந்தப் படுகையின் மேல்தான் போனது.

இத்தனையையும் எழுதிவிட்டு மே மாதத்தைச் சொல்லாமல் விட்டால் ஆற்றுக்கு நியாயம் செய்ததாகாது. மே நடுவில் யெல்லோ ஜாக்கெட் ஷோல் பக்கம் பாறை இடுக்குகளில் ஷோல் சிலந்தி அல்லி பூக்கும். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள் சிலவற்றைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத செடி. கிழங்கு பாறைப் பிளவில் இறுகிக் கிடக்கும், ஓடும் தண்ணீருக்கு நடுவே இடுப்புயரத் தண்டு நிற்கும், உச்சியில் வெள்ளைக் கிண்ணமும் அதைச் சுற்றி ஆறு நீண்ட விரல்களும். ஒவ்வொரு பூவுக்கும் ஏறக்குறைய ஒரு நாள்தான் ஆயுசு, மாலையில் விரிந்து மறுநாள் வாடும். என் மகளை முதல்முறை அழைத்துப்போனது அப்போதுதான். "அப்பா, தண்ணிக்குள்ள யாருப்பா நட்டு வெச்சாங்க?" என்று கேட்டாள். யாரும் நடவில்லை என்றதை அவள் நம்பவில்லை. இந்தப் பூவும் வரிமீன் மாதிரிதான்: ஓடும் தண்ணீர் வேண்டும், பாறை வேண்டும், அணை வந்தால் போச்சு.

அடுத்த ஏப்ரலில் அவளோடு மறுபடி போனேன். பெரியவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் கைகோத்துப் பாறை பாறையாகக் கடந்துகொண்டிருந்தோம். பாதி ஆற்றில் அவள் என் கையை இறுக்கினாள். ஒரு பாறையின் நிழலில், முழங்கால் ஆழத்தில், தட்டு அகலத்துக்குச் சரளை மட்டும் பளிச்சென்று கழுவி வைத்தது போல இருந்தது. அதன் மேல் ஒரு மீன். எங்கள் நிழல் பட்டும் ஓடவில்லை. ஒரு கை தூரம் விலகி, திரும்பி வந்து, அதே இடத்தில் நின்று வாலை வீசியது. பட்டைகள் நன்றாகக் கறுத்திருந்தன.

"ஏம்ப்பா இது மட்டும் ஓடல?"

"முட்டை இருக்கும்மா. அப்பா மீன்தான் காவல் இருக்கும்."

"அம்மா மீன்?"

"முட்டை போட்டுட்டுப் போயிடும். குஞ்சு நீந்துற வரைக்கும் இது இங்கயே நிக்கும்."

கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்களுக்குப் போக வேண்டிய அடுத்த பாறை அந்தச் சரளையைத் தாண்டித்தான் இருந்தது. நான் சொல்வதற்கு முன்பே அவள் திரும்பி, வந்த வழியே கால் வைக்க ஆரம்பித்தாள். தூண்டிலை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். கரையிலிருந்து பெரியவர், என்ன ஆயிற்று என்று கையை உயர்த்திக் கேட்டார். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணம் போலக் குவித்து அவருக்குக் காட்டினாள்.